மெசின் அரிசி தின்ற சேவல்

பூசாரி மாரப்பன் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரை எடுத்துச் சேவலின் முதுகில் ஊற்றினார். சேவல் அசையவில்லை. தண்ணீர் அதன் கழுத்தில் இறங்கி, இறக்கையில் வழிந்து, என் வேட்டியை நனைத்தது. சேவல் கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"இன்னொரு செம்பு ஊத்துங்க" என்றாள் அம்மா.

இன்னொரு செம்பு ஊற்றினார். அதற்குமேல் இன்னொன்று. மூன்றாவது செம்புக்கு என் வேட்டி முழுக்க மஞ்சளாகிவிட்டது. கீழே விட்டால் சேவல் உட்கார்ந்துவிடும் என்பதால் நான்தான் குந்தியபடி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். முனியப்பன் கோயில் வேப்பமரத்தடியில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சேவலையே பார்த்தார்கள். என் தாய்மாமன் மட்டும் என்னைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடோ கோழியோ தண்ணீர் பட்டதும் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு மனசில்லை. அப்புறம் கத்தியை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"சாமி வேணாங்குதுங்க" என்று மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டார்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிக்கா. மொதல்ல சாமி உத்தரவு குடுக்கட்டும். மத்த பேச்ச அப்புறம் பேசலாம்."

மற்ற பேச்சு என்பது என் கல்யாணப் பேச்சு. மாமா மகள் தெய்வானைக்கும் எனக்கும் ஆனிக்குள் முடிப்பதாக இருந்தது. பதறிப்போய் எழுந்தேன். எழுந்த வேகத்தில் கால் மடங்கி, பொங்கல் பானைமேல் விழப் போனேன். மாமா என் காலைப் பார்த்தார். பிறகு சேவலின் காலைப் பார்த்தார்.

யாருக்காக நேர்ந்த சேவல்

போன வாரம் அரூர் சந்தையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்து ஆள்களுக்குச் சத்துக் குறைவே கிடையாதாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தச் சேவலைக் கூடையிலிருந்து வெளியே எடுக்கிறேன்.

ஐரோப்பாவில் சண்டை மூண்டதற்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியார் வேலையெல்லாம் பின்னால் வந்த கதை. அந்த வருடம் எனக்கு டைபாய்டு கண்டு, பிழைப்பேனா என்பதே சந்தேகமாகிவிட்டது. அம்மா முனியப்பனிடம் ஓடினாள். என் மகன் எழுந்து நடந்தால் கருஞ்சேவல் ஒன்று தருகிறேன், அதற்கப்புறம்தான் அவன் கல்யாணம் என்று வேண்டிக்கொண்டாள்.

நான் எழுந்துவிட்டேன். நடப்பதில்தான் கொஞ்சம் சிக்கல்.

தெய்வானையை எனக்குப் பிடிக்கும். இந்த வயதில் இதை எழுத என்ன வெட்கம்? தீர்த்தமலை அடிவாரத்தில் மாமா வீடு. திருவிழாவுக்குப் போனால், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு அவள் மேடேறி வருகிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது. அவளை அரூரில் ஒரு சர்வேயர் வீட்டிலிருந்து கேட்டு வந்திருப்பதாகவும் சேதி வந்துகொண்டிருந்தது. சர்வேயர் என்றால் தினமும் நடக்கிற உத்தியோகம். இதை நினைக்கும்போதெல்லாம் என் காலை நானே குனிந்து பார்த்துக்கொள்வேன்.

எருமையின் ராஜபோகம்

அப்போது எங்கள் வீடுகளில் அன்றாடம் களிதான். ராகிக் களி, கம்பங்கூழ், எப்போதாவது சாமைச் சோறு. நெல்லுச்சோறு விருந்துக்கும் விசேஷத்துக்கும் மட்டும். அந்த நெல்லையும் வீட்டு உரலில்தான் குத்துவோம். அரிசி பழுப்பாக, மேலே தவிடு ஒட்டிக்கொண்டு இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அரூரில் ரைஸ்மில் வந்தது. மில்லில் தீட்டிய அரிசியை முதல் முதலாகப் பார்த்த அம்மா அதைக் கை நிறைய அள்ளினாள். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள். ஒரு பொட்டு உமி இல்லை, தூசி இல்லை.

"மல்லியப்பூ மாதிரி இருக்குதே! இத மனுசன் திங்கறதா, சாமிக்குப் படைக்கறதா?" என்றாள்.

இரண்டுக்கும் என்று அவளே முடிவு செய்தாள். நோயிலிருந்து எழுந்த மகனுக்கும், சாமிக்கு நேர்ந்த சேவலுக்கும் இனிமேல் மெசின் அரிசிச் சோறு மட்டும். மற்றவர்களுக்குக் களி.

அந்தச் சோற்றை அம்மா ஆக்குகிற விதமே ஒரு பூஜை. அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவுவாள். கழுநீர் பளிங்காகத் தெளிகிற வரைக்கும் விடமாட்டாள். வெந்ததும் கஞ்சியைச் சொட்டு மிச்சமில்லாமல் வடிப்பாள். எனக்குப் பத்தியம் என்பதால் அதோடு மிளகு ரசம் மட்டும். கீரை கூடாது, பயறு கூடாது, கறி கூடாது.

சேவலுக்கு அந்த ரசமும் கிடையாது. குப்பைமேட்டைக் கிளறி, கறையானையும் புழுவையும் தின்று வளர்ந்த சேவல் அது. "சாமிக்குப் போறது கண்டதயும் திங்கலாமா?" என்று அம்மா அதைப் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டாள். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. அதன் தங்கச்சிக் கோழிகள் கூடைக்கு வெளியே நின்று, இந்தப் பாக்கியம் நமக்கில்லையே என்பதுபோல் பார்க்கும். பிறகு குப்பைக்குப் போய்விடும்.

தவிடெல்லாம் எங்கே போனது என்கிறீர்களா? எருமைக்கு. அப்பா வீட்டு விவகாரம் எதிலும் தலையிடமாட்டார். எருமை விவகாரம் மட்டும் அவருடையது. மில்லிலிருந்து தவிட்டை மூட்டை கட்டிக் கொண்டுவருவார். கழுநீரும் வடிகஞ்சியும் நேராக எருமைத் தொட்டிக்கு. அந்த எருமையின் தோல் எண்ணெய் தடவினாற்போல் மின்னும். எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

சுவரைத் தின்ற கோழிகள்

கோழி என்றதும் பக்கத்து வீட்டுக் காவேரியம்மாள் நினைவுக்கு வருகிறாள். ஒரு பொங்கலுக்கு அவள் வீட்டு வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மறுநாளே அவள் கோழிகள் வரிசையாக நின்று அந்தச் சுவரைக் கொத்த ஆரம்பித்தன. முழங்கால் உயரத்துக்குச் சுவர் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது.

"ஏன்டி, வூட்டயே திங்கறீங்களா!" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்துவாள்.

அதற்கு முன்பே அந்தக் கோழிகள் தோல் முட்டை இட்டுக்கொண்டிருந்தன. ஓடு இருக்காது. கையில் எடுத்தால் தொளதொளவென்று நழுவும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று காவேரியம்மாள் மிளகாய் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் தெருவே தும்மியது. முட்டைக்கு ஓடு வரவில்லை.

ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத்தான் கோழிகள் சுவரில் தேடிக்கொண்டிருந்தன என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. கோழிக்கு மட்டும் தெரிந்திருந்தது. சுவரைக் கொத்தவிட்ட சில நாளில் முட்டை கெட்டியானது. அந்தப் பெருமை மிளகாய்க்குப் போயிற்று.

அருள்வாக்கு

எங்கள் சேவலுக்குக் கொத்தச் சுவரும் இல்லை. முதலில் கூவுவதை நிறுத்தியது. பிறகு நடை தள்ளாடியது. பிறகு கால்களை மடக்கிக் குந்திக்கொண்டு, தலையைப் பின்னால் வளைத்து ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தது. கண் இமைக்காமல் அப்படியே பார்க்கும்.

"சேவலுக்கு அருள் வந்துடுச்சு!" என்றாள் காவேரியம்மாள்.

அவ்வளவுதான், வாசலில் கூட்டம். ஒருத்தர் மழை வருமா என்று கேட்டார். சேவல் மேலே பார்த்தது. மூன்றாம் நாள் ஒரு தூறல் போட்டது. அதோடு எங்கள் வீடு கோயிலாகிவிட்டது. காணாமல் போன ஆடு எந்தத் திசையில் இருக்கிறது, பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேவல் ஆகாயத்தைக் காட்டியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தப் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்று மாரப்பனே குழம்பினார்.

நானும் ஒருநாள் யாரும் இல்லாத சமயம் பார்த்துக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தேன். "தெய்வானை எனக்குக் கிடைப்பாளா?" என்று கேட்டேன். அது மேலேயே பார்த்தது. எழுந்திருக்கும்போது என் உள்ளங்கால் நெருப்பாக எரிந்தது. கெண்டைக்கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்புறம் நடந்ததுதான் முதலில் சொன்ன மஞ்சள் தண்ணீர்க் கூத்து. சாமி சேவலை வேண்டாம் என்றதும் அம்மா அழுதாள். எங்கே குறை வைத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். அரிசியை இன்னும் சுத்தமாகக் கழுவியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். ஏழு தண்ணீர் ஒன்பதாயிற்று.

மாட்டு டாக்டர்

அந்த வாரமே மாடுகளுக்கு வெக்கை நோய்க்கு ஊசி போட ஒரு டாக்டர் வந்தார். கால்சட்டை போட்ட இளவட்டம், என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். புளியமரத்தடியில் நாள் முழுக்க மாடுகளிடம் உதை வாங்கி நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். நான் கூடையோடு போய் நின்றேன்.

"கோழிக்கெல்லாம் ஊசி கிடையாது, போப்பா" என்றார்.

எதிரில் உட்கார்ந்து கூடையைத் திறந்தேன். சேவல் ஆகாயத்தைப் பார்த்தது. டாக்டர் துள்ளி எழுந்தார்.

"அடடா! இதைப் புஸ்தகத்தில படமாத்தான் பார்த்திருக்கேன். நேர்ல பார்க்கறது இதுதான் முதல் தடவை!" மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தீனி போடறீங்க?"

நான் பெருமையாகவே சொன்னேன். "மெசின் அரிசிச் சோறு மட்டுந்தானுங்க. வேற எதயும் தொடவே உடறதில்லீங்க."

"தவிடு?"

"எருமைக்குங்க."

"அரிசி கழுவின தண்ணி?"

"எருமைக்குங்க."

"வடிச்ச கஞ்சி?"

"அதுவும் எருமைக்குத்தானுங்க."

"எருமை எப்படி இருக்கு?"

"ஒரு கொறயும் இல்லீங்க, திம்முனு இருக்குது."

"ஏன் இருக்காது?" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சத்தெல்லாம் அந்தத் தவிட்டுலதான்யா இருக்கு. வைட்டமின்னு பேரு. அதைத் தீட்டி, கழுவி, வடிச்சு எருமைக்கு ஊத்திட்டு, வெறும் வெள்ளையைச் சாமி சேவலுக்குப் போடறீங்க. நரம்பு செத்துக் கழுத்து இழுத்துக்குது. அருளும் இல்லை, ஒண்ணும் இல்லை."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். எழுந்த லட்சணத்தை அவர் பார்த்துவிட்டார். புளியமரத்தைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, மற்றதை இழுத்தேன்.

"நில்லு. நீ என்ன சாப்பிடறே?"

கூடையிலிருந்த சேவலைப் பார்த்தேன். "அதே பானைங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை உட்கார வைத்து, விரல் முட்டியால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். துள்ள வேண்டிய கால் சும்மா கிடந்தது. "நான் மாட்டு டாக்டர். மனுசனுக்கு மருந்து சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சேவலுக்குச் சொல்றேன், நீ பக்கத்தில இருந்து காதில வாங்கிக்கோ" என்றார்.

சேவலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தவிட்டைத் தண்ணீரில் குழைத்துக் கொடுக்க வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறு, கீரை, ராகி. கூடையைத் தூக்கிவிட்டுக் குப்பைமேட்டில் மேயவிட வேண்டும். கடைசிச் சொல்லின்போது மட்டும் என்னைப் பார்த்து, "குப்பைமேடு சேவலுக்கு மட்டும்" என்றார்.

எலிப்பொறி

அம்மாவிடம் சொன்னேன். கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். "மாட்டுத் தீனிய சாமி சேவலுக்கா? நோவுல உழுந்து எந்திரிச்ச புள்ளைக்கா? எவன்டா சொன்னவன்?"

சொன்னவர் மாட்டு டாக்டர் என்றதும் விவகாரம் முடிந்துபோயிற்று.

ஆகவே திருட ஆரம்பித்தேன். பகலில் அம்மா கொல்லைக்குக் களையெடுக்கப் போனதும் மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்து, தவிட்டுப் பானையில் இரண்டு கை அள்ளுவேன். ஒரு கை சேவலுக்கு, ஒரு கை எனக்கு. வெல்லம் போட்டுப் பிசைந்தால் தொண்டையில் இறங்கும். என் பங்கு வெள்ளைச் சோறு எருமைக்குப் போனது. எருமை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

சேவலின் கழுத்து இரண்டே நாளில் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் எழுந்து நின்றது. நான்காம் நாள் விடிகாலையில் கூவி ஊரை எழுப்பியது. "ஒம்பது தண்ணி உட்டதுக்குப் பலன் பாத்தியா!" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நல்ல வேளை, அப்படிக் கழுவ மெசின் அரிசி வேறு யார் வீட்டிலும் இல்லை.

எனக்கு அவ்வளவு சுருக்கில் சரியாகவில்லை. கால் எரிச்சல் அடங்கவே பத்து நாளுக்குமேல் ஆனது. அதற்குள் தவிடு குறைவதை அப்பா கவனித்துவிட்டார்.

"எருமைத் தவிட்ட எலி திங்குது" என்று பானைக்குள் எலிப்பொறி வைத்தார். மறுநாள் அள்ளப் போனேன். பொறி என் இரண்டு விரலைக் கவ்வியது. நான் போட்ட சத்தத்துக்கு அப்பா வந்தார். விரலில் பொறி தொங்க, வாயெல்லாம் தவிடாக நின்றேன். அவர் என் வாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பொறியைக் கழற்றிவிட்டார்.

"இப்ப மறுபடி நடக்க வருதா?"

"கொஞ்சம் வருதுங்கப்பா."

பொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பானையில் பொறி இல்லை. தவிடு மட்டும் விளிம்புவரை நிறைந்திருந்தது, பக்கத்தில் ஒரு வெல்லக்கட்டியும் இருந்தது. அப்பா என்மேல் வைத்திருந்த பாசத்தை நான் முழுக்கத் தெரிந்துகொண்டது அந்த மாட்டுக்கொட்டகையில்தான்.

ஓட்டம்

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடி முனியப்பன் கோயிலுக்குப் போனோம். மாமா வந்திருந்தார். தெய்வானையும் வந்திருந்தாள், பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால். சர்வேயர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மாமா அதை வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்.

"சேவலும் சிலுப்பணும், மாப்ளையும் நிக்கணும். ரெண்டுல ஒண்ணு ஆவலன்னாலும் எம்மேல வருத்தப்படாதக்கா."

மாரப்பன் செம்பை எடுத்தார். நான் சேவலைப் பிடித்திருந்தேன். முதல் சொட்டு விழுவதற்குள் அது என் கையை உதறிக்கொண்டு பூசாரியின் தோளில் ஏறியது. அங்கிருந்து பறந்து, உழுதுபோட்டிருந்த கொல்லையில் இறங்கி ஓடியது.

"ஐயோ, சாமி சேவலு!" என்று அம்மா அலறினாள்.

நான் ஓடினேன். யோசித்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன். காலுக்குக் கீழே மண்கட்டி உடைந்தது, அவிழ்ந்த வேட்டியை இடுப்பில் சுருட்டிச் சொருகிக்கொண்டேன். சேவல் வலப்பக்கம் திரும்பியது, நானும் திரும்பினேன். இடப்பக்கம் திரும்பியது, நானும் திரும்பினேன். ஒருமுறைகூடக் கால் மடங்கவில்லை. கொல்லையின் அந்தப் பக்கத்து வேலியில் அதை மடக்கி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன்.

அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. என் நெஞ்சும்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூச்சு வாங்கினோம். வேலியைத் தாண்டினால் காடு. அப்பால் சித்தேரி மலை. விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். தெய்வானை கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

சேவலைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். மாமா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பன் தண்ணீர் ஊற்றினார். சேவல் தலை முதல் வால் வரைக்கும் சிலுப்பியதில் அங்கிருந்த அத்தனை பேர்மேலும் மஞ்சள் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"அக்கா, ஆவணில நாள் பாரு" என்றார் மாமா.

மத்தியானம் வேப்பமரத்தடியில் பந்தி. அப்பா கேட்காமலேயே எனக்குக் களி உருண்டை வைத்தார். அம்மா சேவல் குழம்பைத் துழாவி, முழுசாக ஒரு காலைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தாள்.

"மாப்பிள்ளைக்குத்தான் காலு" என்றாள்.

ஒரே பானையில் தின்றோம், ஒன்றாகவே விழுந்தோம், ஒரே தவிட்டில் எழுந்தோம். எழுந்ததற்கு எனக்குக் கல்யாணம், அதற்குக் கத்தி. முடியாமல் கிடந்தவரைக்கும் அதை யாரும் தொடவில்லை. அதைக் குணமாக்கிக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான்.

"தின்னு மாப்ள" என்றார் மாமா.

தின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரம் அதிகம் என்று அம்மாவைக் குறை சொன்னேன். அவள் பதறிப்போய் மோர் கொண்டுவந்து வைத்தாள்.